அப்பாவும் அப்பாவின் பான் எண்ணும்

மார்த்தாண்டத்தில் எங்களுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை இருக்கிறது. போர்டில் உள்ள பெயர் அப்பாவைப் பெற்ற பாட்டியுடையது. பில் புத்தகத்திலும் அதே பெயர். அருமனை, குலசேகரம், மேல்புறம் பக்கமிருந்து ஷீட் கொண்டுவருகிறவர்களுக்கு அது இன்றைக்கும் பாட்டி பெயர் போட்ட கடைதான். ஆனால் வருமான வரித்துறையின் ஏட்டில் அப்படி ஒரு கடை கிடையாது. அங்கே இருந்தது அப்பா ஒருவர்தான். கடை லாபம், பேங்க் டெபாசிட் வட்டி, கடைக்கு மேலே உள்ள மாடியின் வாடகை எல்லாம் அப்பாவின் ஒரே பான் எண்ணில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

2023 நவம்பரில் அப்பா காலமானார். வாரிசுகள் அம்மா, நான், தம்பி. தம்பிக்கு மஸ்கட்டில் வேலை. கடையை நான் எடுத்து நடத்துவது என்று முடிவானது. அதன் பிறகு வந்த வேலைகளில் எனக்கு ஒன்று நன்றாகப் புரிந்தது. மனிதர் ஒரு நொடியில் போய்விடுகிறார். அவருடைய வரிக்கணக்கு தானாகப் போவதில்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து, தேதி பார்த்து, காகிதம் காகிதமாக அதை முடித்துவைக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ கடைகள் ஒரே ஆளின் பெயரில் நடக்கின்றன. பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது வளைகுடாவில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் சொல்பவை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி நடந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவது 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இறந்தவரின் கணக்கை வாரிசு முடிக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியிருந்தோம். ஆடிட்டர் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மக்களே, மனசு தாங்காதுன்னு தெரியும். ஆனா குடோன்ல இருக்கிற ஷீட்டை நாளைக்கே எடை போட்டு எழுதி வச்சிரணும்" என்றார். கேட்டபோது கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள், அப்பாவோடு பல வருஷமாகக் கடையில் நின்ற அண்ணன் குடோனைத் திறந்தார். நாலாம் கிரேடு ஷீட் கட்டுகளைத் தனியாகவும் அஞ்சாம் கிரேடைத் தனியாகவும் தராசில் ஏற்றினார். ஓரத்தில் சாக்குகளில் ஒட்டுப்பால் கிடந்தது, அதையும் விடவில்லை. அவர் எடை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அன்றைய கோட்டயம் விலையையும் பக்கத்திலேயே குறித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த ஒரு தாள்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. இறந்த தேதிவரை நடந்த வியாபாரத்தின் லாபம் அப்பாவின் வருமானம். அதற்குப் பிறகு நடப்பது வேறு ஆட்களின் வருமானம். குடோனில் அன்றைக்கு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் இந்தக் கோட்டைப் போடவே முடியாது. கடை வைத்திருக்கும் வீட்டில் இறப்பு நடந்தால், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் முதல் வேலையாக ஸ்டாக், கையிருப்புப் பணம், வரவேண்டியது, கொடுக்கவேண்டியது நான்கையும் அந்தத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வரவேண்டியதில் ஒரு சிக்கல் வந்தது. அக்டோபர் கடைசியில் அப்பா ஒரு லோடு ஷீட் கோட்டயத்துக்கு அனுப்பியிருந்தார். பணம் வந்தது அவர் இறந்த பிறகு. அது யாருடைய வருமானம்? சரக்கு போனபோதே விற்பனை முடிந்துவிட்டது, பில்லும் அப்போதே போட்டாயிற்று. அப்பா கணக்கு வைத்தது பில் தேதிப்படி. ஆகவே அது அப்பாவின் விற்பனை, லாபமும் அப்பாவின் கணக்கில். பின்னால் வந்த பணம் அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேரும். வாங்கிய எங்களுக்கு அது புது வருமானம் ஆகாது.

ஆக அந்த நிதியாண்டுக்கு அப்பாவின் பெயரில் ஒரு ரிட்டர்ன் போட வேண்டும்: ஏப்ரல் 1 முதல் இறந்த நாள்வரை. வாரிசு தன்னுடைய பான் எண்ணில் வருமான வரி இணையதளத்துக்குள் போய், இறந்தவரின் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பான், நம்முடைய பான், வாரிசு என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு கிடைக்கும். துறை ஒப்புதல் கொடுத்ததும், நம் லாகினுக்குள்ளிருந்தே அப்பாவின் கணக்குக்கு மாறி ரிட்டர்ன் போடலாம். ரீஃபண்டு வந்தால் வாரிசின் வங்கிக் கணக்குக்கே வாங்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. அப்பா ஏழரை மாதம்தான் இருந்தார் என்பதற்காக வரியில்லா வரம்பை ஏழரை மாதத்துக்குச் சுருக்கமாட்டார்கள். முழு ஆண்டுக்கான வரம்பு அவருக்கு உண்டு. அதே ஆண்டில் எங்களுக்கும் அவரவர் முழு வரம்பு உண்டு. முழு வருஷக் கணக்குப் போட்டு ஜூனிலும் செப்டம்பரிலும் அப்பா முன்வரி கட்டியிருந்தார். அதில் ஒரு பகுதி திரும்பிவந்தது. எல்லாவற்றையும் எங்கள் பெயரிலேயே காட்டிவிடலாம் என்று விட்டிருந்தால் அது வந்திருக்காது.

டெபாசிட் வட்டிதான் ரொம்ப இழுத்தது. மார்ச் முடிந்து பார்த்தால், வருஷம் முழுக்க வந்த வட்டியும் அதில் வங்கி பிடித்துக் கட்டிய வரியான டிடிஎஸ்ஸும் அப்பாவின் பான் எண்ணிலேயே ஏறியிருந்தன. இறப்பைப் பற்றி வங்கிக் கிளையில் டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். சேமிப்புக் கணக்கை நிறுத்தினார்கள்; டெபாசிட்டில் பெயர் மாறவில்லை. இறந்த தேதிவரை உள்ள வட்டி அப்பாவுடையது, மீதி வாரிசுகளுடையது. ஆனால் டிடிஎஸ் முழுக்க ஒரே பான் எண்ணில் கிடக்கிறது. இதற்கு விதியில் வழி உண்டு. இன்ன வருமானம் இன்னாருடையது, அதற்கான டிடிஎஸ்ஸை அவர் பெயரில் காட்டுங்கள் என்று வங்கிக்கு எழுத்தில் கொடுத்தால், அவர்கள் தங்கள் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யலாம். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம், பல தடவை வங்கிக்கு நடந்த பிறகு. கடிதம் கொடுக்கும்போது சேமிப்பு, டெபாசிட், நடப்பு, லாக்கர், கடன் என்று எண்ணோடு ஒவ்வொன்றாக எழுதுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

நாமினி பற்றியும் சொல்ல வேண்டும். டெபாசிட்டுக்கு அம்மா நாமினி. வங்கி பணத்தை அம்மாவிடம் கொடுக்கும், அத்துடன் வங்கியின் பொறுப்பு முடிந்தது. ஆனால் உரிமை வாரிசுகளுக்கு. நாங்கள் கிறிஸ்தவர்கள், உயில் எதுவும் இல்லாததால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அம்மா, நான், தம்பி என்று மூன்று பேருக்கும் சமபங்கு வந்தது. மகள் என்பதால் எனக்குக் குறைவு கிடையாது. வட்டியையும் அப்படி மூன்றாகப் பிரித்து அவரவர் கணக்கில் காட்டினோம்.

பெயரே ஒரு தனி வேலை. அப்பாவின் பான் அட்டையில் தாத்தா பெயரை விரித்து எழுதி அப்புறம் அப்பா பெயர். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தே தாத்தா பெயரின் முதலெழுத்துதான். வங்கியில் இனிஷியல் மட்டும். நிலப் பத்திரத்தில் 'விளை' என்று முடியும் வீட்டுப் பெயரோடு சேர்த்து. ஆஸ்பத்திரியில் யாரோ அவசரத்தில் சொன்ன அழைப்புப் பெயர் இறப்புச் சான்றிதழில் ஏறிவிட்டது. ஊரில் இந்த நான்கும் ஒரே ஆள் என்று குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நோட்டரியிடம் அபிடவிட் போட்டு, சான்றிதழைத் திருத்தி வாங்கிய பிறகுதான் அடுத்த காகிதம் நகர்ந்தது. இறப்பைப் பதிவு செய்யும்போது பான், ஆதார் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடி பெயர் கொடுங்கள். இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன்.

அடுத்தது ஜிஎஸ்டி. கடை போர்டின் அடியில், பாட்டி பெயருக்குக் கீழே, பெயிண்டில் எழுதிய 15 இலக்க எண் உண்டு. எல்லாக் கடையிலும் இருப்பதுதான். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: நமக்கு 33, களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் 32. அதற்கடுத்த பத்து இலக்கம் முதலாளியின் பான் எண். எங்கள் அப்பாவின் பான் எண் அத்தனை வருஷமும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதில் நான்காவது எழுத்து 'பி', அதாவது தனிமனிதர். கம்பெனியாக இருந்தால் 'சி', கூட்டு நிறுவனமாக இருந்தால் 'எஃப்', இந்துக் கூட்டுக் குடும்பமாக இருந்தால் 'எச்', டிரஸ்ட் என்றால் 'டி'. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த 15-இல் ஆறாவதாக வரும் இந்த எழுத்தைப் பாருங்கள். பெயர்ப்பலகை என்ன சொன்னாலும், சட்டத்தின் முன்னால் நிற்பது யார் என்று அது சொல்லிவிடும்.

எண்ணுக்குள் அப்பாவின் பான் இருப்பதால் அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது. நான் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். காரணம் என்ற இடத்தில் உரிமையாளர் இறப்பு என்று காட்ட வேண்டும். அப்பாவின் கணக்கில் மீதமிருந்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகையை, ஐடிசி 02 படிவம் மூலம் என் எண்ணுக்கு மாற்றலாம். அதற்குச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டின் சான்று வேண்டும். பிறகு பழைய எண்ணை ரத்துச் செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். உரிமையாளர் இறந்தால் என்ன செய்வது என்று 2019-இல் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கையே விட்டிருக்கிறது, எண் 96. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனது உதவியாக இருந்தது. பழைய எண்ணின் பாக்கி ரிட்டர்ன்களைப் போட ஓடிபி அப்பாவின் போனுக்கு வரும். ஆகவே அந்த சிம்மை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அப்பாவாக உள்ளே போய் வேலையை முடிப்பதும் சரியில்லை. இறப்புச் சான்றிதழோடு அதிகாரியிடம் போனால் வாரிசைக் கையெழுத்து அதிகாரம் உள்ளவராகச் சேர்த்துவிடுவார்கள். ரப்பர் வாரியத்தின் டீலர் உரிமமும் ஆளுக்குத்தான். அதையும் என் பெயரில் வாங்கினேன். இவையெல்லாம் வரும்வரை கடையில் ஷீட் எடுக்கவில்லை. வழக்கமாக வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினோம்.

புது எண் வந்ததும் பெயிண்டர் வந்து பழைய எண்ணை அழித்துவிட்டு என்னுடையதை எழுதினார். பாட்டி பெயர் அப்படியே இருக்கிறது. பெயர் எங்கள் இஷ்டம். எண் அப்படியில்லை.

கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையும் இதே கதைதான். அதிலும் பாட்டி பெயர், பணம் போவது அப்பாவின் நடப்புக் கணக்குக்கு. பாக்கி வைத்திருந்த ஒருவர் துக்கம் கேட்க வந்த இடத்தில், பாவம், மனசாட்சியோடு அதில் ஸ்கேன் செய்து பணம் போட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பணம் வெளியே வர மாதக்கணக்கானது. அன்றைக்கே அந்த அட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்பாவின் ஏடிஎம் கார்டு அம்மாவிடம் இருந்தது, பின் நம்பரும் தெரியும். பலர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் தொடவில்லை. கணக்குக்காரர் இல்லாதபோது அதில் எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மற்ற வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

ரிட்டர்ன் எல்லாம் போட்ட பிறகு, பழைய ஆண்டு ஒன்றின் கொள்முதல் பற்றி விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, அப்பாவின் பெயருக்கு. சொந்தக்காரர் ஒருவர், இறந்தவருக்கு அனுப்பிய நோட்டீஸ் செல்லாது, கிழித்துப்போடு என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பழைய கணக்கைத் திரும்பத் திறக்க இறந்தவர் பெயரில் அனுப்பிய மறுமதிப்பீட்டு நோட்டீஸ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இறப்பைத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வாரிசுகளைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும் அதில் இருக்கிறது. கம்பெனிக்கும் இதே நியாயம்தான். வேறொன்றோடு இணைந்து இல்லாமல் போன கம்பெனியின் பெயரில் போட்ட வரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது.

மற்ற பாதி என்னவென்றால், கெடு மீதமிருந்தால் அதே நோட்டீஸை வாரிசின் பெயரில் முறைப்படி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்பா கட்டியிருக்க வேண்டிய வரி அவரோடு போய்விடாது. சட்டப் பிரதிநிதி அதற்குப் பொறுப்பு, ஆனால் அப்பா விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான். என் நகையையோ என் சம்பாத்தியத்தையோ அதற்காகத் தொட முடியாது. அந்தச் சொத்தைக் கடன் தீர்க்காமல் நானே விற்றுத் தின்றுவிட்டால் மட்டும் சொந்தப் பொறுப்பு வரும். இந்த வரம்பு தெரிந்ததும் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்கள். அதுவரை வீட்டையே எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். நாங்கள் இறப்புச் சான்றிதழை வைத்துப் பதில் எழுதினோம். பிறகு என் பெயருக்கு வந்ததற்குக் கொள்முதல் புத்தகத்தோடு விளக்கம் கொடுத்தோம். அதோடு முடிந்தது.

கடையை மூன்று பேரும் சேர்ந்தே நடத்தலாமே என்று அம்மா நினைத்தார்கள். ஆசை நியாயமானது. ஆனால் மூன்று பேர் சேர்ந்து லாபத்துக்காக ஒரு வியாபாரத்தை நடத்தினால், ஒப்பந்தம் எதுவும் எழுதாவிட்டாலும் வரிச் சட்டம் அந்த மூவரையும் சேர்த்து ஒரு தனி நபராகப் பார்க்கலாம்; 'நபர்களின் சங்கம்' என்று அதற்குப் பெயர். வெறுமனே சொத்தை வாரிசாகப் பெற்றதால் மட்டும் அப்படி ஆகிவிடாது. ஒரே கணவரின் மூன்று விதவைகள் பெற்ற சொத்து பற்றிய வழக்கில் 1960-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. மாடி வாடகையும் அப்படித்தான், பங்கு நிச்சயமாகத் தெரிந்தால் அவரவர் பங்கு அவரவர் கணக்கில். ஆகவே வாடகைக்குக் கவலையில்லை, வியாபாரத்துக்குத்தான் முடிவு தேவைப்பட்டது. பார்ட்னர்ஷிப் போட்டால் அதற்குத் தனி பான், தனி ரிட்டர்ன். மஸ்கட்டில் இருப்பவன் ஒவ்வொரு கையெழுத்துக்கும் வேண்டும். கடைசியில் ஸ்டாக்குக்கும் பாக்கிக்கும் விலை வைத்து, மற்ற இருவரின் பங்கையும் நான் தீர்த்துவிட்டு, கடை என் ஒருத்தியின் பெயரில் வந்தது. எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். பாசம் இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது.

தம்பியின் பங்கு வாடகை வேறொரு பாடம். அவன் இந்தியப் பிரஜை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில்தான். வரிச் சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, வருஷத்தில் எத்தனை நாள் இங்கே இருந்தான் என்பதை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொதுவாக 182 நாள் கணக்கு. அதன்படி அவன் வெளிநாட்டுவாசி. வெளிநாட்டுவாசிக்கு வாடகை கொடுப்பவர் 30 சதவீதமும் செஸ்ஸும் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். தொகை எவ்வளவு சின்னதானாலும் விலக்கு இல்லை. மாடியில் தையல் கடை வைத்திருப்பவரிடம் போய், வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்கி டிடிஎஸ் கட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? என் பங்கை அம்மா வாங்கிக்கொள்ளட்டும் அக்கா என்றான் தம்பி. அதுவும் அப்படியே நடக்காது. சொத்து அவன் பெயரில் இருக்க, வருமானத்தை மட்டும் அம்மாவுக்குக் கொடுத்தால் வரி அவன் தலையில்தான். தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பவர் அனுப்பி, மாடியில் தனக்குள்ள பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு வாடகை அம்மாவுடையது. மகன் அம்மாவுக்குக் கொடுத்தால் வருமானம் மகனோடு திரும்பச் சேராது. மனைவிக்குக் கொடுத்திருந்தால் சேர்ந்திருக்கும்.

இந்தச் சமயத்தில் தம்பியின் அறைத்தோழர் ஒரு வீடியோ அனுப்பிவைத்தார். உடலோடு உள்ள மனிதன் வேறு, அரசாங்க அட்டையில் உள்ள பெயர் வேறு. அந்தப் பெயர் அரசு உண்டாக்கிய ஒரு பொம்மை, வரி அந்தப் பொம்மைக்குத்தான், நீ கட்டவேண்டியதில்லை என்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வருஷமாகச் சுற்றும் வாதம் இது. அங்கே நீதிமன்றங்கள் ஒன்றுகூட இதை ஏற்கவில்லை. இதைச் சொல்லி ரிட்டர்ன் போட்டால் அமெரிக்க வரித்துறை 5,000 டாலர் அபராதம் விதிக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா நீதிமன்றம் 2012-இல் ஒரு குடும்ப வழக்கில் இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுபடி செய்து நீண்ட தீர்ப்பே எழுதியது.

தம்பி கேட்டான், "நீயும் அதத்தானே அக்கா சொல்லுதே, அப்பா வேற, பான் வேறன்னு?" நல்ல கேள்வி. நம் சட்டம் 'நபர்' என்று ஏழு வகையை அடுக்குகிறது. தனிமனிதர், இந்துக் கூட்டுக் குடும்பம், கம்பெனி, கூட்டு நிறுவனம், நபர்களின் சங்கம், உள்ளாட்சி, இவற்றில் சேராத மற்ற சட்ட நபர்கள். முதலாவதாக நிற்பது ரத்தமும் சதையுமான மனிதர்தான். அங்கே மனிதருக்குப் பின்னால் வேறொரு ஆள் கிடையாது. பான் என்பது அவரை அடையாளம் காட்டும் எண், அவ்வளவே. அந்த அட்டையைத் தூக்கிப் போட்டாலும் வருமானம் சம்பாதித்தவர் அவர்தான். மீதி வகைகளில்தான் பிரிவு உண்மையாக இருக்கிறது. அங்கேயும் அது சட்டம் வகுத்த முறைப்படி உண்டானால்தான் உண்டு. நாமாக அறிவித்து உண்டாக்க முடியாது. தோல் செருப்பு வியாபாரி ஒருவர் தன் தொழிலைக் கம்பெனியாக்கிய வழக்கில், கம்பெனி வேறு அவர் வேறு என்று லண்டனில் 1896-இல் வந்த தீர்ப்பைத்தான் இன்றைக்கும் இங்கே சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கோவில் மூர்த்தியைக் கூட வரி விதிக்கக்கூடிய நபராகப் பார்க்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1969-இல் சொல்லியிருக்கிறது. சுசீந்திரத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

இந்தப் பிரிவு ரப்பர்காரர்களுக்கு நேரடியாகப் படும் இடம் ஒன்று உண்டு. தன் தோட்டத்துப் பாலை உறையவைத்து, ஷீட்டாக அடித்து, புகைப்புரையில் உலர்த்தி விற்பவருக்கு அது விவசாய வருமானம், மத்திய வருமான வரி இல்லை. அதே ஷீட்டை வாங்கி விற்கும் எனக்கு வியாபார வருமானம். சரி. இப்போது சிலர் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கம்பெனி கொடுக்கும் டிவிடெண்டும் விவசாய வருமானம்தானே என்று கடைக்கு வரும் பெரியவர்கள் கேட்கிறார்கள். இல்லை. விவசாயம் செய்தது கம்பெனியாகவே இருந்தாலும், பங்குதாரர் கைக்கு வருவது டிவிடெண்ட்தான். தேயிலைக் கம்பெனி பங்குகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-இல் முடித்துவைத்த விஷயம். உங்கள் ஷீட்டைக் கம்பெனிக்கு விற்று வாங்கும் விலை வேறு, பங்குக்காக வரும் பணம் வேறு. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

இந்துக் கூட்டுக் குடும்பப் பெயரில் தனி பான் எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. இந்துக்களுக்கு உண்டு, ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். கேரளம் 1975-இல் சட்டம் போட்டு, 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்பச் சொத்துரிமையை ஒழித்துவிட்டது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் எல்லோரும் ஒரே மாநிலம். இன்றைக்கு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குடும்பம் ஒரு வரி நபராக இருக்க முடிகிறது, பாறசாலையில் முடிவதில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் சொத்து உள்ளவர்கள் கண்டிப்பாக ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியது இது.

அப்பாவின் பான் எண்ணை எப்போது ஒப்படைப்பது? கடைசியாக. சிலர் இறப்புச் சான்றிதழ் கிடைத்த உடனேயே எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் ரீஃபண்டு வாங்க வழியில்லாமல் நிற்கிறார்கள். ரிட்டர்ன் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ரீஃபண்டு வந்து, டெபாசிட், பங்கு, இன்ஷூரன்ஸ் எல்லாம் பெயர் மாறி, நோட்டீஸ் எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்த பிறகு, மதிப்பீட்டு அதிகாரிக்கு இறப்புச் சான்றிதழோடு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். காகிதங்களை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் பழைய வருமான வரிக் கணக்கை ஐந்து ஆண்டு தாண்டியும் திறக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஜிஎஸ்டி புத்தகங்களை அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அப்பாவின் கொள்முதல் புத்தகங்கள், அந்த ஸ்டாக் தாள், வங்கியில் சீல் வாங்கிய நகல்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. அது எந்த அலமாரியில் என்று அம்மாவுக்கும் தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதே கோப்பில் என்னுடைய பான், வங்கிக் கணக்குகள், கடைப் பதிவு, நாமினி விவரங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.